சிறுநீரகப் பயிற்சி: கடல் தாண்டிப் படித்தால் நம் ஆஸ்பத்திரிக்கு என்ன கிடைக்கும்?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (மருத்துவ மாணவி, மட்டக்களப்பு): சேர், சிறுநீரக நிபுணராக வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டுமா?

பதில்: வழக்கமாக ஆம், மகள். எம்.பி.பி.எஸ்., இன்டர்ன், பிறகு கொழும்பு பி.ஜி.ஐ.எம். என்ற பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. அதன்பின் நிபுணராகுமுன் வரும் சீனியர் ரெஜிஸ்ட்ரார் பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதி வெளிநாட்டில். இப்போதைக்கு அவசரம் வேண்டாம். வாட்டில் நோயாளியின் சிறுநீர் அளவைத் தினமும் பார்க்கப் பழகுங்கள்.

கேள்வி (வைத்தியர், களுவாஞ்சிக்குடி): சர்வதேச சிறுநீரகவியல் சங்கத்தின் பெலோஷிப் யாருக்கு?

பதில்: 1960இல் தொடங்கிய சங்கம் அது. வசதி குறைந்த நாடுகளின் இளம் வைத்தியர்களுக்கு 1985 முதல் பயிற்சி உதவி தருகிறது. படித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும், திரும்பினால் இடம் உண்டு என்று நம் ஆஸ்பத்திரியும் உறுதி தர வேண்டும். மிகச் சரியான நிபந்தனை என்பேன். எதைப் படிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். இங்கே இல்லாத மெஷினில் பழகி வந்து என்ன செய்வது? ஸ்கானைப் பார்த்துக்கொண்டே பயொப்சி (சோதனைக்குக் கிட்னியின் சிறு துண்டு) எடுப்பது, வயிற்று டயலிசிஸுக்கு (வயிற்றுக்குள் திரவம் விட்டு இரத்தக் கழிவை அகற்றுவது) குழாய் போடுவது போன்றவை வந்த மறுநாளே கைகொடுக்கும்.

கேள்வி (தாதி உத்தியோகத்தர், கல்முனை): எல்லாம் டொக்டர்மாருக்குத்தானா? டயலிசிஸ் யூனிற்றில் நாள் முழுக்க நிற்பது நாங்கள்தானே?

பதில்: நியாயமான கேள்வி, சிஸ்டர். நாலு மணி நேர டயலிசிஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 120 லீற்றர் தண்ணீர் மெஷினுக்குள் போகிறது. மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் அந்தத் தண்ணீர், மறுபக்கம் நோயாளியின் இரத்தம். குளோரின் மிஞ்சியிருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். காலையில் முதல் ஆளை ஏற்றுமுன் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ற்றில் தண்ணீர் பிடித்து, சோதனைத் துண்டின் நிறம் பார்த்து, கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்க ஒருவர் வேண்டும். அந்த வேலை பிசகினால் எந்தப் பேராசிரியர் வந்தும் பயனில்லை.

அதனால் எனக்கு அதிகம் பிடித்தது அதே சங்கத்தின் சகோதர நிலையத் திட்டம். முன்னேறிய ஆஸ்பத்திரி ஒன்றும் வளரும் ஆஸ்பத்திரி ஒன்றும் ஜோடி சேர்ந்து சி, பி, ஏ என்று படிப்படியாகப் பல ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்கின்றன. நேர்ஸும் டெக்னீஷியனும்கூடப் போய்வரலாம். ஏ படியை முடித்த நிலையம் பிறகு இன்னொரு சிறிய நிலையத்தைக் கைதூக்கி விடலாம். டொக்டருக்கு இடமாற்றம் வந்தாலும் பழகிய யூனிற் அப்படியே நிற்கும்.

கேள்வி (கனடாவிலிருந்து, சொந்த ஊர் கல்லாறு): ஊருக்கு இரண்டு டயலிசிஸ் மெஷின் அனுப்பலாமா?

பதில்: அண்ணன், உங்கள் மனசுக்கு நன்றி. முதலில் யூனிற்றோடு பேசுங்கள். அங்கே ஓடுவது எந்தக் கம்பனி மெஷின், உதிரிப்பாகம் இலங்கையில் கிடைக்குமா, ஆர்.ஓ. பிளான்ற் இன்னும் இரண்டைத் தாங்குமா என்று கேளுங்கள். சரியான பதில் இல்லாமல் வரும் மெஷின் மூலையில் தூசி பிடித்துத்தான் நிற்கும். அந்தக் காசில் ஒரு நேர்ஸையும் ஒரு டெக்னீஷியனையும் பயிற்சிக்கு அனுப்பினால் இருக்கிற மெஷின்கள் ஒழுங்காக ஓடும்.

கேள்வி (சம்மாந்துறை): வாப்பாவுக்கு வயலில் எலிக்காய்ச்சல் பிடித்துக் கிட்னி நின்றது. டயலிசிஸ் செய்து இப்போது சுகம். இதையும் வெளிநாட்டாரிடமா படிக்க வேண்டும்?

பதில்: தம்பி, வாப்பா தேறியது பெரிய சந்தோஷம். எலிக்காய்ச்சலிலும் கண்ணாடி விரியன் கடியிலும் கிட்னி பழுதாவதை அவர்கள்தான் நம்மிடம் படிக்க வேண்டும். நம் வைத்தியர்கள் கண்ட அளவுக்கு ஐரோப்பாவில் பலர் கண்டிருக்க மாட்டார்கள். திடீரென்று நின்ற கிட்னி பெரும்பாலும் திரும்பவும் வேலை செய்யும், அதுவரை ஆளைத் தாங்கிப் பிடித்தால் போதும். மெஷின் இல்லாத இடத்தில் வயிற்றுக்குள் திரவம் விட்டு டயலிசிஸ் செய்யலாம். 2012இல் தொடங்கிய ‘சேவிங் யங் லைவ்ஸ்’ திட்டம் வசதி குறைந்த நாடுகளின் குழுக்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தது. நீங்கள் வயலில் இறங்குமுன் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபீஸில் எலிக்காய்ச்சலைத் தடுக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மருந்து பற்றிக் கேளுங்கள்.

கேள்வி (அம்பாறை): தெஹியத்தகண்டியவில் காரணம் தெரியாத கிட்னி நோய் இருக்கிறது. ஆராய்ச்சி என்று வந்து இரத்தம் எடுத்துப் போகிறவர்கள் முடிவைச் சொல்வதில்லையே?

பதில்: உங்கள் கோபம் சரியானது. எல் சல்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களிலும் இதே மாதிரி நோய் இருப்பதால் நாடுகள் சேர்ந்து தேடத்தான் வேண்டும். ஆனால் இரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவரது முடிவைச் சொல்ல வேண்டும், ஆய்வில் உள்ளூர் வைத்தியர்களுக்கும் உரிய இடம் வேண்டும். அடுத்த முறை வருகிறவர்களிடம் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேள்வி (வைத்தியர், அக்கரைப்பற்று): எங்கள் சிறிய யூனிற் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வெளிநாட்டில் வேலை செய்யும் ஒரு நிபுணரைப் பிடித்து, மாதம் ஒரு முறை வீடியோவில் உங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசுங்கள், நேர்ஸ்மாரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சகோதர நிலையத் திட்டத்துக்கான விண்ணப்பத்தை இரண்டு ஆஸ்பத்திரியும் சேர்ந்துதான் போட வேண்டும். அதற்குள் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்திருப்பீர்கள்.