உள்நாட்டுப் பேருந்து என்றால் எவ்வளவு உள்நாடு?

கேள்வி: என் மகன் பாளையங்கோட்டையில் பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறான். அரசுப் பணத்தில் வாங்கும் பேருந்து முழுக்க உள்நாட்டுப் பொருளாகவே இருக்க வேண்டுமா?
– வாசகர் ஒருவர், மேலப்பாளையம்

பதில்: முழுக்க வேண்டியதில்லை, பங்குதான் கணக்கு. மத்திய அரசு 2017இல் பிறப்பித்து 2020இல் திருத்திய கொள்முதல் ஆணை, மத்திய நிதி கலந்த மாநிலத் திட்டங்களுக்கும் பொருந்தும். அதன்படி மதிப்பில் குறைந்தது 50 விழுக்காடு உள்நாட்டில் உருவானால் விற்பவர் முதல் வகுப்பு உள்நாட்டு விற்பனையாளர், 20 முதல் 50க்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. கொள்முதலில் முன்னுரிமை முதல் வகுப்புக்கே உரியது. மொத்த மதிப்பிலிருந்து இறக்குமதிப் பொருளின் மதிப்பைக் கழிப்பார்கள் என்பதால், உங்கள் மகன் பற்றவைக்கும் இரும்புக் குழாய் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் அதுவும் கழிந்துபோகும், அவன் உழைப்பின் மதிப்பு மட்டும் நிற்கும். ஏற்றிவந்த வாடகை, காப்பீடு, பயிற்சிச் செலவு ஆகியவற்றை உள்நாட்டுப் பங்காகக் காட்ட முடியாது. வேறு ஊரில் கிண்டிய அல்வாவை லாரியில் கொண்டுவந்து நெல்லைச் சந்திப்பில் விற்றால், லாரி வாடகையைச் சொல்லி அதை நெல்லை அல்வா என்போமா? 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலில் நிறுவனத்தின் சொல் போதாது, தணிக்கையாளரின் சான்று வேண்டும். அமெரிக்காவில் கெடுபிடி இன்னும் அதிகம்: நடுவண் போக்குவரத்து நிதியில் வாங்கும் பேருந்தின் உதிரிபாகச் செலவில் 70 விழுக்காட்டுக்கு மேல் உள்நாட்டினதாக இருப்பதோடு, இறுதிப் பூட்டுவேலையும் அந்நாட்டிலேயே நடக்க வேண்டும்.