வாசகர் கேள்வி-பதில்: வேர்க்கடலை ஓட்டுக் கரி குரோமியத்தைப் பிடிக்குமா?

கேள்வி: எங்கள் கிணறு பாலாற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) கழிவால் தண்ணீரில் குரோமியம் ஏறியிருப்பதாகச் சொல்கிறார்கள். வேர்க்கடலை ஓடு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அதைக் கரியாக்கி 'பயோசார்' வடிகட்டி செய்தால் குடிக்கலாமா? வீடியோவில் ஒருவர் செய்து காட்டினார்.
— ஒரு விவசாயி, ஆம்பூர் வட்டம்

பதில்: குடிக்காதீர்கள். கரி ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை, அது ஈயத்தையும் காட்மியத்தையும் நன்றாகவே பிடிக்கும், ஏனென்றால் அவை தண்ணீரில் நேர்மின்னோடு திரிகின்றன, கரியின் மேல்பரப்போ பெரும்பாலும் எதிர்மின் கொண்டது, போதாக்குறைக்குக் கரியில் இருக்கும் சாம்பல் சத்தும் ஈயத்தைப் படியவைத்துவிடும். உங்கள் சிக்கல் குரோமியம். அது தண்ணீரில் குரோமியம்-3, குரோமியம்-6 என்று இரண்டு வடிவில் இருக்கும். தோலுக்குப் போடுகிற குரோமியம்-3 சாதாரண நீரில் பெரும்பாலும் மண்ணோடு படிந்துவிடும். கரைந்து நகர்ந்து கிணறு வரைக்கும் வருவது பெரும்பாலும் குரோமியம்-6, அதுவும் குரோமேட்டாக, எதிர்மின்னோடு. கரியும் எதிர்மின், அதுவும் எதிர்மின், அப்புறம் எப்படி ஒட்டும்?

ஆய்வகத்தில் ஒட்டவைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பல சோதனைகளில் தண்ணீரின் பி.எச். அளவை 2-க்கு இறக்கிவிட்டுத்தான் செய்வார்கள். அதாவது கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு புளிப்பு. உங்கள் கிணறு அப்படியா இருக்கிறது? வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. தண்ணீரின் நிறம் தெளிந்ததும் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் குடிநீர்த் தரப்படி குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, அந்த அளவு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். முதலில் ஆய்வகத்தில் கொடுத்து 'மொத்த குரோமியம்' பாருங்கள் என்று கேட்டுச் சோதியுங்கள். கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டும் சொல்லும் டி.டி.எஸ். மீட்டர் இதைக் காட்டாது. அதிகம் இருந்தால் குடிக்க வேறு தண்ணீர்தான், இல்லையென்றால் ஆர்.ஓ. அந்தப் பக்கத்துத் தண்ணீரில் உப்பும் உண்டே, கரி உப்பைத் தொடவே தொடாது.

கேள்வி: சரி, கரியை வீட்டிலேயே எப்படிச் செய்வது? மூட்டம் போட்டால் பாதி சாம்பலாகிவிடுகிறது.
— அதே வாசகர்

பதில்: வேர்க்கடலை ஓடு லேசானது, காற்று பட்டால் போச்சு. மூடி உள்ள தகர டின்னில் அடைத்து, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போட்டு, விறகு நெருப்புக்குள் வையுங்கள், கிட்டே நின்று புகையை மூச்சில் வாங்காதீர்கள். முதலில் வெள்ளைப் புகை வரும், பிறகு துளையில் சுடர் பற்றும், அந்தச் சுடர் தானே அணைந்தால் கரி தயார். முழுதாக ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள், திறந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். எடையில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. விரலில் தேய்த்துப் பாருங்கள்: வெறும் தண்ணீரில் கை சுத்தமானால் நல்ல கரி, பிசுபிசுத்து சோப்பு கேட்டால் தார் மிச்சமிருக்கிறது, திரும்ப நெருப்பில் வையுங்கள்.

இந்தக் கரியை மட்கிய சாண எருவோடு சில வாரம் ஊறப்போட்டு நிலத்தில் போடுங்கள், அதுதான் உங்களுக்கு லாபம்.

கேள்வி: உலோகம் பிடித்த கரியையும் வயலில் போடலாமா?
— ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: கூடாது. கரி உலோகத்தை அழிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எரித்தாலும் உலோகம் அழியாது, சாம்பலிலோ புகையிலோதான் இருக்கும். அது அபாயக் கழிவு, அதற்கென்று அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும்.