சாரலுக்கு மூடிய சன்னலும் வீட்டிலிருக்கும் அம்மாவும்

வணக்கம், ஆசிரியை அவர்களே. 2021 நவம்பர் 1 முதல் தொடக்க வகுப்புகளும் திறக்கப்படுவதால், தங்கச்சிமடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் நீங்கள், சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்குக் கொரோனாத் தொற்றைக் கொண்டுபோய்விடுவோமோ என்று அஞ்சி எழுதியிருந்தீர்கள். மண்டபம் பக்கம் பணிபுரியும் எனக்கும் அதே அச்சம் உண்டு.

மேசையைத் துடைப்பதைவிடக் காற்றோட்டமே முக்கியம், ஏனெனில் கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுகிறது. வாடைக்காற்றும் சாரலும் அடிக்கிறதென்று நம் பகுதிப் பள்ளிகளில் சன்னல்களை அடைத்துவிடுவார்கள். அதற்கு மட்டும் இடங்கொடுக்காதீர்கள். சாரல் வரும் பக்கத்தைப் பாதி சாத்தி, எதிர்ப்பக்கச் சன்னல்களையும் கதவையும் முழுதாகத் திறந்து வையுங்கள். மழை ஓய்ந்த வேளையில் வாய்ப்பாட்டை வராந்தாவில் சொல்ல வைக்கலாம். சிறு பிள்ளைகளின் முகக்கவசம் மூக்கிலிருந்து நழுவிக்கொண்டேதான் இருக்கும்; ஆகவே துணிக்கவசத்தை விட்டு, முகத்தோடு ஒட்டி அமரும் என்95 கவசத்தை நீங்கள் அணியுங்கள்.

அம்மா கோவிஷீல்டு தடுப்பூசியின் முதல் தவணை போட்டு மூன்று மாதம் கடந்துவிட்டது என்கிறீர்கள். 84 நாள் இடைவெளி முடிந்துவிட்டதால், இரண்டாம் தவணையை இந்த வாரமே போட்டுவிடுங்கள். அது பலன் தர இரண்டு வாரமாவது ஆகும் என்பதால், அதுவரை வீட்டிலும் அவர் அருகே கவசத்தோடு இருங்கள். தொண்டை கரகரத்தால் அன்றே விடுப்பு எடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.