பிட்யூட்டரி கட்டிக்கு எதற்கு இத்தனை மருத்துவர்கள்?

"அம்மாவுக்குப் பிட்யூட்டரியில் கட்டி என்கிறார்கள். அறுவை மருத்துவர் ஒருவர் போதாதா? ஹார்மோன், கண், மூக்கு என்று நாலு பேரிடம் அலைக்கழிக்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில் இருக்கும், ஹார்மோன் சுரக்கும் சின்னச் சுரப்பி.

அலைக்கழிப்பு என்ற சொல்லைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஏழு ஆண்டுகள் அலைந்தவள். அப்போதும் என்னைப் பல மருத்துவர்கள் பார்த்தார்கள். ஆனால் ஒருவர் பார்த்தது இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் அம்மாவை நாலு பேர் சேர்ந்து பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

எனக்கு மலேசியாவின் பட்டர்வொர்த்தில் தையல் கடை. நோயை முதலில் காட்டியது என் கத்தரிக்கோல். இருபது ஆண்டுகளாகக் கையில் பழகிய இரும்புக் கத்தரிக்கோல். ஒரு தீபாவளி நெருக்கத்தில் கட்டைவிரல் அதன் வளையத்துக்குள் போக மறுத்தது. சோப்பு தடவி நுழைத்தேன். எடுக்கும்போது தோல் உரிந்து, வாடிக்கையாளரின் மஞ்சள் பட்டில் ஒரு சொட்டு ரத்தம் பட்டுவிட்டது. வேலை மிகுதியால் வந்த வீக்கம் என்று நினைத்தேன். மறு ஆண்டு தாலிக்கு அடுத்தபடி நான் கழற்றாத கல்யாண மோதிரத்தைப் பத்தர் அறுத்துத்தான் எடுத்தார். செருப்பு அளவு 5 போய் 8 ஆனது. விரல்கள் மரத்துப்போக, மணிக்கட்டில் அறுவை செய்தார்கள். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு இன்னொன்று. பல்லுக்குப் பல் இடைவெளி விழுந்தது. 41 வயதில் மாதவிலக்கு நின்றபோது "வயதுதான்" என்றார்கள்.

இதில் எது வலித்தது தெரியுமா? ஒரு கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "என்ன அக்கா, முகமே ஆண் முகமாகிவிட்டதே" என்று நாலு பேர் முன்னால் சொன்னாள். அன்றோடு புகைப்படம் எடுப்பதை விட்டேன். விசேஷ வீடுகளுக்குப் போவதையும் விட்டேன்.

மருத்துவர்களைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள். மணிக்கட்டு அறுவைகூட நன்றாகத்தான் முடிந்தது. என்னை முழு ஆளாக ஒருவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பார்த்தவர் அரசாங்கக் கிளினிக்கில் இருந்த ஓர் இளம் மலாய்ப் பெண் மருத்துவர். சர்க்கரை மாத்திரை வாங்கப் போயிருந்தேன். என் அடையாள அட்டையைக் கையில் எடுத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "மோதிரம் இறுகியதா? காலணி அளவு மாறியதா?" என்று மலாயில் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு ஆண்டுகளில் அதை யாரும் கேட்டதில்லை.

அக்ரோமெகலி. வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் கூடும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற பொருளுக்கான ரத்தப் பரிசோதனையில் அளவு மிக உயர்ந்திருந்தது. பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் அவ்வப்போது ரத்தம் எடுத்தார்கள். சாதாரணமாக அந்த இனிப்புக்கு வளர்ச்சி ஹார்மோன் தணிய வேண்டும், எனக்குத் தணியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரியில் 18 மில்லிமீட்டர் கட்டி தெரிந்தது. பட்டாணி அளவுச் சுரப்பியில் அவ்வளவு பெரிது! 10 மில்லிமீட்டரைத் தொட்டாலே அதைப் பெரிய கட்டி என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாப் பிட்யூட்டரி கட்டிக்கும் கத்தி தேவையில்லை. புரோலாக்டின் என்ற, தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோனைச் சுரக்கும் கட்டியாக இருந்தால் கேபர்கோலின் மாத்திரையிலேயே பெரும்பாலும் சுருங்கிவிடும். அதைப் பிரித்துச் சொல்பவர் ஹார்மோன் நிபுணர். அவரிடம் போகாமல் நேரே அறுவைக்குப் போனால், மாத்திரையில் போகக்கூடியதற்கு மண்டைக்குள் கை வைத்ததாகிவிடும். கண் மருத்துவர் எதற்கு? சுரப்பிக்கு மேலேதான் இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடுகின்றன. கட்டி மேலே தள்ளினால் இரு பக்கமும் ஓரப் பார்வை போகும். தாடையைத் தாங்கியில் வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். தாளில் வந்த படத்தில் இரு ஓரமும் கறுப்பு. துணியின் ஓரம் கண்ணுக்குத் தப்பி வெட்டு கோணியதெல்லாம் அப்போதுதான் விளங்கியது.

அறுவை மூக்கு வழியாக. மூக்கு தொண்டை மருத்துவர் பாதை திறக்க, மூளை அறுவை மருத்துவர் கட்டியை எடுத்தார். இரண்டாம் இரவு சிறுநீர் கட்டுக்கடங்காமல் போயிற்று. தாதி மணிக்கொருமுறை ஜாடியின் கோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தார். ஹார்மோன் நிபுணரை அழைத்ததும் அவர்தான். உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனுக்கு மாற்றான டெஸ்மோபிரசின் கொடுத்த பிறகுதான் தாகம் அடங்கியது. அறுவை பிசகில்லாமல் முடிந்திருந்தது. ஆனாலும் அந்த இரவு ஒரே மருத்துவரை நம்பி நான் கிடந்திருந்தால்? அதனால்தான் உங்கள் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

   

நான் மருத்துவர் இல்லை. என் கதை உங்கள் அம்மாவுக்கு அப்படியே பொருந்தாது. பினாங்கு அரசு மருத்துவமனையிலும், கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இதற்கான பிரிவுகள் இருக்கின்றன. ஹார்மோன் நோய்களுக்கு நாட்டின் பரிந்துரை மையம் புத்ராஜெயா மருத்துவமனை. வளர்ச்சி ஹார்மோனைக் கட்டுக்குள் வைக்க எனக்கு இப்போதும் 28 நாளுக்கு ஓர் ஊசி உண்டு. விரல் வீக்கம் வடிந்துவிட்டது, தாடை எலும்பு பழையபடி ஆகாது.

அம்மாவின் பழைய புகைப்படங்களையும், எல்லா மருத்துவர்களும் கொடுத்த தாள்களையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். புரோலாக்டின் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.