வாட்ஸ்அப் குழுவில் மகளின் ஆதார் எண்: யார் மீது, எங்கே புகார் கொடுப்பது?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். உதவித்தொகைக்கு என்று ஆதார், வங்கிப் புத்தக நகல் எல்லாம் வாங்கினார்கள். பிறகு வகுப்பு ஆசிரியை, "விவரம் சரியா பாருங்க" என்று ஒரு எக்செல் பட்டியலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 41 பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, சாதி, ஆதார் எண், கணக்கு எண், எங்கள் போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. மூன்று வாரம் கழித்து, கல்வி அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவர் என் கணவரை அழைத்தார். மகளின் பெயர், வகுப்பு, பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னதால் நம்பிவிட்டார். உதவித்தொகை ஏறும் என்று அனுப்பிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததில் 8,500 ரூபாய் போய்விட்டது. இப்போது வேறொரு எண்ணிலிருந்து மகளின் பெயரைச் சொல்லி, "யூனிஃபார்மில் ஒரு போட்டோ அனுப்பு" என்று திரும்பத் திரும்ப மெசேஜ் வருகிறது. பள்ளியில் கேட்டால், "எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தாம்மா" என்கிறார்கள். ஆதார் தர மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? புகார் கொடுத்தால் பிள்ளையை ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதிய போட்டோ விஷயத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பணத்தைப் பிறகு பார்க்கலாம், இது காத்திருக்காது.

அந்த எண்ணை உடனே பிளாக் செய்யவோ, மெசேஜை அழிக்கவோ வேண்டாம். அந்த எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். அப்புறம் பிளாக் செய்யலாம். மகள் பேசுவதுபோல நீங்களே பதில் போட்டு அவனைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். பல பெற்றோர் இதைச் செய்துவிட்டு வழக்கைக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த போனை விற்கவோ ஃபார்மட் செய்யவோ கூடாது. மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி ஒரு சான்று தர வேண்டியிருக்கும். போன் கையில் இருந்தால் அது சுலபம்.

பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்ப போன் வழியாகத் தொடர்புகொள்வது போக்சோ சட்டம் 11-வது பிரிவின் கீழ் குற்றம். 12-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. "போட்டோ கேட்டதுக்கெல்லாம் போக்சோவா?" என்று ஸ்டேஷனில் இழுக்கலாம். நோக்கம் என்ன என்று விசாரிக்க வேண்டியது அவர்கள் வேலை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், அந்த நோக்கம் தனக்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு 30-வது பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவருடையது. "இது எங்க எல்லை இல்லை" என்றும் சொல்ல முடியாது, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம். சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் வாங்கியதற்கான சீட்டு) மட்டும் கையில் கொடுத்து அனுப்பப் பார்த்தால், எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும் என்று கேளுங்கள். மகளின் வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே எடுக்கலாம், கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர்தான் எடுக்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது. இதெல்லாம் போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவில் இருக்கிறது. பெயர் பத்திரிகையில் வருமோ என்ற கவலையும் வேண்டாம், 23-வது பிரிவு அதைத் தடுக்கிறது.

இனி அந்த 8,500 ரூபாய். இதுவரை 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்கவில்லை என்றால் இன்றே அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் ஏதாவது மிச்சம் இருந்தால் முடக்குவார்கள். முடக்கிய தொகையை பி.என்.எஸ்.எஸ். 503-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டுத் திரும்பக் கேட்கலாம். ஆனால் வங்கியே ஈடுகட்டும் என்று நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. ரிசர்வ் வங்கியின் விதிகள் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு தருகின்றனதான். ஆனால் பின் நம்பரை நாமே போட்டிருந்தால் அதை நம் கவனக்குறைவு என்றுதான் வங்கி சொல்லும். பணம் நம் கணக்குக்கு வர ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம் என்பதைக் குழுவில் உள்ள மற்ற பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் இதே அழைப்பு வரும்.

கூடவே மகளின் ஆதாரில் பயோமெட்ரிக் லாக் போட்டுவிடுங்கள். ஆதார் ஆணையத்தின் செயலியிலேயே செய்யலாம். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வழியை அது அடைக்கும்.

சரி, பள்ளிக்கு வருவோம். ஆதார் (தகவல் பகிர்வு) ஒழுங்குமுறைகள், 2016 தெளிவாகச் சொல்கின்றன: யாரும் ஒருவரின் ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது, ஆதார் எண்களை வைத்திருக்கும் எவரும் அவற்றை ரகசியமாகக் காக்க வேண்டும். வாட்ஸ்அப் குழு 'பொதுவெளி'யா என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். ரகசியம் காக்கும் கடமைக்கு அந்த வாதம் பொருந்தாது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது அரசுப் பள்ளிக்கும் சேர்த்துத்தான்.

ஆதார் தர மறுத்திருக்கலாமா என்றால், சேர்க்கைக்கு மறுத்திருக்கலாம். 2018 செப்டம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றது. ஆதார் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. நடைமுறையில் உதவித்தொகை ஆதார் இணைத்த கணக்கில்தான் ஏறுகிறது என்பதால் யாரும் மறுப்பதில்லை. அதில் தவறும் இல்லை, கொடுத்ததை அவர்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள், 200 கோடி அபராதம் என்றெல்லாம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. பிள்ளைகளின் தரவு பற்றிய 9-வது பிரிவு உட்பட முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். அப்போதும் அந்த அபராதம் அரசுக் கஜானாவுக்குத்தான் போகும், உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஏ பிரிவில் இழப்பீடு உண்டு, ஆனால் அது நிறுவனங்களுக்கு மட்டும். அரசுப் பள்ளியிடம் இழப்பீடு வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசுக்கு எதிராக அங்கே நேரடியாகப் போடும் மனு) போடலாம். நான் அங்கிருந்து தொடங்கச் சொல்ல மாட்டேன். தேவைப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும். பட்டியல் எந்தத் தேதியில், எந்தக் குழுவில் போடப்பட்டது, அதில் என்னென்ன விவரம் இருந்தது என்று எழுதுங்கள். பிறகு மூன்றே மூன்றைக் கேளுங்கள்: அட்மின் அந்தப் பதிவைத் தங்கள் போனிலிருந்து அழிக்கும்படி எல்லோரிடமும் சொல்ல வேண்டும். குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று சரிபார்க்க வேண்டும் (நம்பரை மாற்றியவர்கள், பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றியவர்கள் எல்லாம் அப்படியே இருப்பார்கள்). இனி சரிபார்க்க வேண்டியதை அந்தந்தப் பெற்றோரிடம் தனியாகக் காட்ட வேண்டும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

கடிதத்திலோ போலீஸ் புகாரிலோ "ஆசிரியைதான் தகவலை விற்றார்" என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை, அவதூறு என்று உங்கள் மேலேயே திரும்பலாம். பட்டியல் போட்ட தேதியும் அழைப்பு வந்த தேதியும் எழுதுங்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கண்டுபிடிப்பது போலீஸ் பாடு. என்னைக் கேட்டால் அந்த ஆசிரியை மீது தனியாக வழக்கு எதுவும் வேண்டாம். எமிஸ் என்ற துறையின் மாணவர் விவரத் தளத்தில் சாயங்காலத்துக்குள் ஏற்று என்று மேலிருந்து உத்தரவு வரும். சொந்த போனில், சொந்த டேட்டாவில், பாடம் நடத்தும் நேரத்தில் அதைச் செய்கிறவர்கள் இவர்கள். பொறுப்பு பள்ளிக்கும் துறைக்கும்.

பிள்ளையை ஏதாவது செய்வார்களோ என்ற பயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம் 16-வது பிரிவு. மனரீதியாகத் துன்புறுத்தினால் 17-வது பிரிவின்படி துறை நடவடிக்கை வரும். அப்படி நடந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். இருந்தாலும் சட்டத்தைவிட இங்கே கைகொடுப்பது கூட்டம்தான். அந்தப் பட்டியலில் 41 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏழெட்டுப் பெற்றோர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் உங்கள் மகளை மட்டும் யாரும் குறிவைக்க முடியாது. அந்தக் கடிதத்தை மகளிடம் கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே நேரில் போய்க் கொடுங்கள்.