நண்பர்களுக்குள் போட்டியில்லாத டிரையத்லான் நடத்துவது எப்படி?

வெவ்வேறு வயதும் உடல் வலுவும் கொண்ட பன்னிரண்டு நண்பர்களைச் சேர்த்து, யார் முந்தினார் என்ற கணக்கே இல்லாமல் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே காலையில் செய்ய விரும்புவதாகவும், அதற்கு எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் இரண்டு முறை இதை நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: கிலோமீட்டர் வேண்டாம், நிமிடக் கணக்கு வையுங்கள்.

முதல் முறை நாங்களும் தூரத்தைத்தான் வைத்தோம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான போட்டியின் தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். அதில் சரிபாதியான ஸ்பிரின்ட் தூரமும் எங்களுக்கு அதிகம் என்பதால் 300 மீட்டர், 12 கி.மீ., 3 கி.மீ. என்று குறைத்துக்கொண்டோம். குறைத்தும், தினமும் ஓடுபவருக்கும் பல ஆண்டுகள் கழித்துச் சைக்கிளைத் தொட்ட ஒரு தோழிக்கும் இடையில் முக்கால் மணி நேரம் விழுந்துவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். அந்தக் கைதட்டலே அவரைக் கடைசி ஆளாகக் காட்டிவிட்டது என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. "நான் வர்றதுக்குள்ள எல்லாரும் தலைகூடத் துவட்டி முடிச்சிட்டீங்க" என்று சிரித்தபடிதான் சொன்னார். ஆனாலும் அடுத்த முறை அழைத்தபோது தயங்கினார்.

ஆகவே இரண்டாம் முறை 15 நிமிட நீச்சல், 40 நிமிடச் சைக்கிள், 20 நிமிட ஓட்டம் என்று மாற்றினோம். நீந்தத் தெரியாதவர்கள் ஆழமில்லாத பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார்கள். சைக்கிளில் எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு, பாதி நேரம் ஆனதும் கைபேசி மணியடிக்க, அவரவர் இருந்த இடத்திலேயே திரும்பினோம். வேகமானவர் கூடுதல் தொலைவு போயிருப்பார், மெதுவானவர் பக்கத்திலேயே திரும்பியிருப்பார். புறப்பட்ட இடத்துக்கு இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துவிடுவார்கள். நாங்கள் பேரூரிலிருந்து சிறுவாணி சாலையில் போனோம். அந்தச் சாலை மேற்கே மலையை நோக்கி மெல்ல ஏறுவதால் வரும்போது இறக்கம் கிடைக்கிறது. அதனால் மணியை 20 நிமிடத்துக்குப் பதிலாக 22 நிமிடத்துக்கு வைத்தோம். உங்கள் சாலையின் ஏற்றத்தையும் காற்றையும் முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கும் இதே முறைதான். அந்தத் தோழி பாதி ஓடி, பாதி நடந்து, எங்கள் எல்லாரோடும் சேர்ந்தே வந்து நின்றார். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீச்சலை எக்காரணம் கொண்டும் கடைசியில் வைக்காதீர்கள். களைத்த உடம்போடு தண்ணீரில் இறங்குவது ஆபத்து. இந்த விளையாட்டின் தொடக்கமாகக் கருதப்படும் 1974ஆம் ஆண்டு சான் டியாகோ நிகழ்வில், 46 பேர் ஒரு வார நாள் மாலையில் கூடி, நீச்சலை முடிவில் வைத்ததால், பின்தங்கியவர்களுக்காகக் கார் விளக்குகளை நீரின் மீது அடிக்க வேண்டியிருந்தது. கிணறு, ஆறு, கடல் எதுவும் வேண்டாம். ஒரு நீச்சல்குளத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு நேரத்தில் நான்கு பேரை மட்டும் இறக்கி, நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரைக் கைபேசியைத் தொடாமல் கரையிலேயே நிற்க வையுங்கள். நாங்கள் மூன்று அணியாக இறங்கியதால் இதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. ஹெல்மெட் இல்லாதவர் சைக்கிள் ஏறக்கூடாது என்பதிலும், இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே வரவேண்டும் என்பதிலும் நட்புக்காக வளைந்து கொடுக்காதீர்கள்.

ஈரக் காலில் காலுறை ஏறாது. பாதி வரை வந்து குதிகாலில் சுருண்டு நின்றுவிடும். காலுறைக்குள் முந்தின இரவே முகப்பவுடரைத் தூவி, ஷூவின் நாடாவைத் தளர்த்தி, பக்கத்தில் ஒரு துண்டை வைத்துவிடச் சொல்லுங்கள். சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் மரக்கட்டைபோல் கனக்கும். முதல் இரண்டு நிமிடம் நடந்துவிட்டு ஓடினால் சரியாகிவிடும்.

பிப்ரவரி மாதம் எங்கள் ஊருக்கு ஏற்றது. காலை 6 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். உப்புப் போட்ட நீர்மோரும் வாழைப்பழமும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் இருக்கட்டும். எல்லாரும் ஒன்றாகவே வந்து சேர்வதால் இட்லிக்காரரிடம் 8 மணி என்று உறுதியாகவே சொல்லிவைக்கலாம்.