தாளக்காரருக்கு அரசியல் எதற்கு?

கேள்வி: மாக்ஸ் ரோச் பெரிய ஜாஸ் டிரம்மர் என்கிறார்கள். போராட்டம், கோஷம் என்று இறங்காமல் வாசிப்போடு நின்றிருந்தால் இன்னும் உயரத்துக்குப் போயிருப்பார், இல்லையா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: எந்த உயரத்துக்கு? 1945இல் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் 'கோ-கோ' பதிவில் டிரம்ஸ் வாசித்தபோது ரோச்சுக்கு வயது 21. அதற்கு முன்பு டிரம்மர் என்றால் பேஸ் டிரம்மை மிதித்து, ஆடுகிறவர்களுக்குத் தாளம் பிடித்துக் கொடுக்கிற ஆள். அந்தத் தாளத்தைக் காலிலிருந்து சிம்பலுக்கு, அதாவது குச்சியால் தட்டும் உலோகத் தட்டுக்கு, ஏற்றியவர் கென்னி கிளார்க் என்ற டிரம்மர். அந்த வழியில் வெகுதூரம் போனவர் ரோச். சிம்பலில் வலது கை ஓட்டம் குறையாமல் போய்க்கொண்டிருக்க, இடது கையும் காலும் சாக்ஸபோனுக்குச் சரிக்குச் சரி பதில் சொல்லும். 1954இல் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனோடு சேர்ந்து அமைத்த குழு அவருக்குப் பொற்காலம். 1956 ஜூனில் கார் விபத்தில் பிரவுனும் பியானோக்காரர் ரிச்சி பவலும் இறந்தார்கள். ரோச் நொறுங்கிப்போனார்.

இப்போது நீங்கள் சொல்லும் 'கோஷத்துக்கு' வருவோம். 1960 பிப்ரவரியில் நார்த் கரோலினாவில், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் ஒரு கடை கவுண்டரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். ரோச் பிறந்த மாநிலம் அது. அதே ஆண்டில் பதிவான அவருடைய 'வி இன்சிஸ்ட்!' ஆல்பத்தின் அட்டைப்படமே அப்படியொரு கவுண்டர்தான். அதில் 'டிரைவா மேன்' என்று ஒரு பாட்டு: அடிமைகளை வேலை வாங்கிய கங்காணியைப் பற்றியது. ஐந்து அட்சரத் தாளம். ஆபி லிங்கன் பாடுகிறார். ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் ரோச்சின் குச்சி 'சுளீர்' என்று விழுகிறது. அது சாட்டை. அந்த அடியை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. கோல்மன் ஹாக்கின்ஸின் சாக்ஸபோன் ஓரிடத்தில் பிசிறு தட்டும். வெட்டி ஒட்டலாம் என்று பேச்சு வந்தபோது, அப்படியே இருக்கட்டும் என்றார் அந்தப் பெரியவர். இந்த மாதிரிப் பாட்டு பிசிறே இல்லாமல் இருந்தால்தான் தவறு என்பது அவர் எண்ணம்.

ரோச் செய்தது எல்லாமே எனக்கு உவப்பானதல்ல. 1961இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்துக்கொண்டிருக்கும்போது, 'ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கர்களுக்கே' என்ற அட்டையோடு மேடையில் போய் உட்கார்ந்தார். சக கலைஞரின் கச்சேரியை அப்படிக் குலைத்திருக்க வேண்டாம். ஆனால் அவர் புகழ் சரிந்துவிட்டதாக வருந்தாதீர்கள். 1970களில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 1988இல் அமெரிக்காவின் பெருமைமிக்க மெக்ஆர்தர் நல்கை. 2007இல் 83 வயதில் மறையும்போது உலகம் முழுக்க டிரம்மர்கள் அவரை ஆசான் என்றார்கள்.

'டிரைவா மேன்' பாட்டை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். அதில் வாசிப்பு எந்த அடியோடு நின்றது, அரசியல் எந்த அடியில் தொடங்கியது என்று பிரித்துக் காட்டி எனக்கு எழுதுங்கள்.